அந்த முகங்களுக்குப் பெயர் உண்டு

அன்புள்ள ஒளிப்படக் கலைஞர்களே, ஆவணக் காப்பாளர்களே, போர் ஓய்ந்த ஊர்களில் நினைவுக் காட்சிகள் வைக்க முன்வரும் இளையவர்களே,



1997ஆம் ஆண்டு மே மாதம் முதல் செப்டம்பர் வரை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 22 உருவப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். படத்தில் இருந்தவர்கள் கேமராவை நேருக்கு நேர் பார்த்தார்கள். நேர்த்தியான அச்சு, பார்க்க வந்தவர்களை நகரவிடாத கண்கள். படங்களின் கீழே பெயர் மட்டும் இல்லை.

அவர்கள் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் துவோல் ஸ்லெங் சிறைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். 1975 ஏப்ரலில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிச இயக்கம், அங்கிருந்த ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சிறையாக்கி எஸ்-21 என்று பெயரிட்டது. டூச் என்று அறியப்பட்ட, முன்பு கணித ஆசிரியராக இருந்த காங் கெக் இயு அதன் தலைவர். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் படம்பிடிப்பது அலுவலக நடைமுறை. அதற்கென்று ஒரு படப்பிடிப்புக் குழுவே இருந்தது. அதில் முக்கியமானவரான நெம் என், சிறுவயதிலேயே இயக்கத்தில் சேர்க்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டு ஒளிப்படக் கலை கற்றவர். கண்கட்டை அவிழ்த்ததும் கைதி முதலில் பார்த்தது அவருடைய கேமராவைத்தான். 12,000 பேருக்கு மேல் உள்ளே போன அந்தச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே.

ஆகவே அந்தப் படங்களில் உள்ள பார்வை, கைதி தன் விருப்பத்தோடு நமக்குக் கொடுத்த பார்வை இல்லை. கொல்லப்போகிறவன் தன் கோப்புக்காக எடுத்துக்கொண்டது. அதைப் பெயரில்லாமல் ஒரு கலைக்கூடச் சுவரில் மாட்டினால், கோப்பில் எண்ணாக இருந்தவர் சுவரிலும் முகமாக மட்டுமே நிற்கிறார். அன்று எழுந்த விமர்சனத்தின் மையம் இதுதான். அந்தக் காட்சியை அமைத்தவர்களின் நோக்கம் தவறானது என்று யாரும் சொல்ல முடியாது. அழிந்துகொண்டிருந்த நெகட்டிவ்களைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இரண்டு அமெரிக்க ஒளிப்படக்காரர்கள் புனோம் பென்னுக்கே போய்ச் சுத்தம் செய்து அச்செடுத்திராவிட்டால், பல முகங்கள் பூஞ்சைக்கு இரையாகியிருக்கும். காப்பாற்றிய கைகளை மதிக்க வேண்டும். ஆனால் காப்பாற்றுவதோடு வேலை முடியவில்லை. இந்த மடல் அந்த மீதி வேலையைப் பற்றியது.

கலையும் ஒளிப்படமும் ஆவணமும் போர் கண்ட சமூகங்களில் நல்லிணக்கத்தை வளர்க்கின்றன என்று கருத்தரங்குகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. உண்மைதான், ஒரு நிபந்தனையோடு. படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார், இன்று அதன்மேல் உரிமை யாருக்கு என்ற கேள்விகளுக்குப் பதில் தேடும் இடத்தில்தான் அவை வேலை செய்கின்றன. பதில் தேடாத இடத்தில் அவை பார்வையாளரின் கண்ணில் நீர் வரவழைத்துவிட்டு நின்றுவிடுகின்றன. உறவைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்தக் கண்ணீரால் ஒன்றும் கிடைப்பதில்லை.

அதே துவோல் ஸ்லெங் படங்கள் புனோம் பென்னில் செய்த வேலையைப் பாருங்கள். 1979 ஜனவரியில் கெமர் ரூஜ் ஆட்சி வீழ்ந்தபின் சிறை அருங்காட்சியகமானது. கதவு திறந்ததும் வந்தவர்களில் பலர் பார்வையாளர்கள் இல்லை, தேடி வந்தவர்கள். சுவர் சுவராக நடந்து, வரிசை வரிசையாக ஒட்டியிருந்த முகங்களில் தன் தம்பி இருக்கிறானா, கணவர் இருக்கிறாரா என்று பார்த்தார்கள். யூக் சாங் தலைமையில் இயங்கும் கம்போடிய ஆவண மையம் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து கெமர் ரூஜின் காகிதங்களைச் சேகரித்து ஒழுங்குபடுத்தியது. சிறையின் சொந்தப் பதிவேடுகளும் படங்களும், 2009இல் டூச் சர்வதேச ஆதரவு பெற்ற நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டபோது சாட்சிகளாயின. குறைந்தது 12,272 பேர் கொல்லப்பட்டனர் என்று 2010 தீர்ப்பு பதிவுசெய்தது. முதலில் 35 ஆண்டுத் தண்டனை. மேல்முறையீட்டில் 2012இல் அது ஆயுள் தண்டனையானது. சிறை வளாகத்தில் பின்னர் எழுந்த நினைவுச் சின்னத்தில் இறந்தவர்களின் பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கொலையாளிகள் தங்கள் வசதிக்காக வைத்த பட்டியல்தான் அந்தப் பெயர்களுக்கு ஆதாரம். யாரையும் விட்டுவிடக் கூடாது என்று எழுதிவைத்த கை, கடைசியில் தன் குற்றத்தையே முழுமையாக எழுதிவைத்திருந்தது.

ஓவியர் வான் நாத்தின் கதை தெரியாமல் இந்தத் துறையில் யாரும் இறங்கக் கூடாது. 1978இல் எஸ்-21க்குக் கொண்டுவரப்பட்ட அவர் பிழைத்ததற்குக் காரணம், கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் உருவத்தை வரையத் தெரிந்திருந்ததுதான். விடுதலைக்குப் பிறகு அதே கட்டடத்துக்குத் திரும்பி வந்து, தான் பார்த்ததையும் சக கைதிகள் சொல்லக் கேட்டதையும் வரைந்தார். சிறைக் கேமரா பெரும்பாலும் முகத்தையே எடுத்தது. சித்திரவதை அறையை எடுக்கவில்லை. அந்த வெற்றிடத்தை அவருடைய தூரிகை நிரப்பியது. கம்போடியத் திரைப்பட இயக்குநர் ரித்தி பான் எஸ்-21 பற்றி எடுத்து 2003இல் வெளிவந்த ஆவணப்படத்தில், அவர் தன் ஓவியத்தின் முன் பழைய காவலாளிகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறார். குரல் உயரவில்லை. நீங்கள் செய்தது இதுதானா, அப்போது என்ன நினைத்தீர்கள் என்ற விசாரிப்பு. பதின்வயதில் காவலாளியாக்கப்பட்டவர்கள் தங்கள் உடலாலேயே பழைய நடைமுறைகளைச் செய்துகாட்டுகிறார்கள்: அறைக்கு அறை நடப்பது, அதட்டுவது, பூட்டைச் சோதிப்பது. மன்னிப்பு, கட்டியணைப்பு எதுவும் அந்தப் படத்தில் நிகழவில்லை. நிகழ்ந்தது அதற்கு முந்தைய படி. என்ன நடந்தது என்பதில் இரு தரப்பும் ஒரே அறையில், ஒரே ஓவியத்தின் முன் நின்று பேசின. வான் நாத் 2009இல் நீதிமன்றத்திலும் சாட்சி சொன்னார், 2011இல் காலமானார்.

ரித்தி பான் 2006இல் புனோம் பென்னில் இன்னொருவரோடு சேர்ந்து நிறுவிய காட்சி-ஒலி ஆவண மையத்துக்குப் போபானா என்று பெயர். எஸ்-21இல் கொல்லப்பட்ட ஓர் இளம்பெண்ணின் பெயர் அது. தன் கணவருக்கு அவள் எழுதிய கடிதங்கள் சிறைக் கோப்பில் கிடைத்தன. கம்போடியா பற்றிய படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பல நாடுகளிலிருந்து திரட்டி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி அந்த மையம் வைத்திருக்கிறது. திரட்டுவதைவிட இந்த இரண்டாம் பகுதிதான் கடினம். பூட்டிய அறையில் உள்ள ஆவணம் ஆய்வாளருக்கு உதவும், ஊருக்கு உதவாது.

ஒரு கசப்பான நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். 2021இல் ஒரு வெளிநாட்டுக் கலைஞர் துவோல் ஸ்லெங் படங்களுக்கு வண்ணம் தீட்டினார். சில முகங்களில் புன்னகையையும் சேர்த்திருந்தது தெரியவந்தது. ஓர் ஊடகம் அவற்றை வெளியிட, கம்போடியப் பண்பாட்டு அமைச்சகமும் இறந்தவர்களின் உறவினர்களும் கொதித்தெழுந்தார்கள். படங்கள் விலக்கப்பட்டன. இன்று ஒரு கைபேசிச் செயலியே அந்த வேலையை நொடியில் செய்துவிடும் என்பதால் உங்களிடம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது: இறந்தவரின் முகத்தில் கைவைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. வண்ணம் சேர்ப்பது, கீறலை மறைப்பது, பின்னணியை வெட்டுவது எல்லாம் குடும்பத்தைக் கேட்டபிறகுதான். அப்போதும் அசல் அசலாகவே தனியாக இருக்கட்டும்.

பெருவுக்குப் போவோம். படத்தையும் பெயரையும் சேர்த்துக் காட்டியதற்கு நல்ல முன்னுதாரணம் அங்கே இருக்கிறது.

1980 முதல் 2000 வரை அரசுக்கும் சென்டெரோ லுமினோசோ என்ற மாவோயிய இயக்கத்துக்கும் இடையே நடந்த போரில் ஆந்தீஸ் மலைக் கிராமங்கள் சிதைந்தன. சலோமோன் லெர்னர் தலைமையிலான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2003 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. இறந்தவர்களும் காணாமல்போனவர்களும் ஏறக்குறைய 69,280 பேர் என்றது மதிப்பீடு. அதுவரை நாடு நம்பிக்கொண்டிருந்ததைப் போல இரு மடங்கு அது. பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் கெச்சுவா முதலான பூர்வகுடி மொழி பேசியவர்கள். பல்லாயிரம் பேர் செத்தும் கடற்கரைத் தலைநகரம் லிமாவுக்குத் தெரியாமல் போனதற்கு அந்தப் பங்கே விளக்கம்.

பல தொகுதிகள் கொண்ட அறிக்கையை எத்தனை பேர் படிப்பார்கள்? ஆணையம் அதை உணர்ந்திருந்தது. மாயு மொஹான்னா, நான்சி சாப்பெல் என்ற இரு பெண்கள் பத்திரிகைகள், குடும்பங்கள், தேவாலயங்கள், படைத்துறை என எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் தேடி ஏறக்குறைய 1,700 படங்களைத் திரட்டினார்கள். அவற்றிலிருந்து தேர்ந்தவை ‘யுயானபாக்’ என்ற கெச்சுவாப் பெயரில், லிமாவின் சோர்ரியோஸ் பகுதியில் பாதி சிதைந்த ஒரு பழைய மாளிகையில் காட்சிக்கு வந்தன. மக்கள் திரண்டு வந்தார்கள். பின்னர் அது தேசிய அருங்காட்சியகக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டுப் பல ஆண்டுகள் நீடித்தது.

காட்சியின் அடையாளமாக மாறியது ‘கரேத்தாஸ்’ இதழின் ஒளிப்படக்காரர் ஓஸ்கார் மெத்ரானோ 1983இல் ஆந்தீஸ் மலை நகரமான ஆயாகுச்சோவின் மருத்துவமனையில் எடுத்த படம். தலையையும் ஒரு கண்ணையும் கட்டுத்துணி மூடியிருக்க, மற்றக் கண்ணால் பார்க்கும் ஒரு விவசாயி. படக்குறிப்பில் அவருடைய பெயர் உண்டு, ஊர் உண்டு, வெட்டியது யார் என்பதும் உண்டு. நியூயார்க்கில் 1997இல் மாட்டிய 22 படங்களுக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்த மூன்று விவரங்கள்தான்.

இன்னொரு விஷயத்திலும் அந்தக் காட்சி நேர்மையாக இருந்தது. மரணங்களில் 54 விழுக்காட்டுக்குச் சென்டெரோ பொறுப்பு என்று சொன்ன அதே ஆணையம், ராணுவமும் காவல்துறையும் செய்த கொலைகளையும் கடத்தல்களையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. சுவரிலும் இரண்டுக்கும் இடமிருந்தது. இதனால் இரு பக்கத்திலிருந்தும் வசவு வந்தது. எந்தத் தரப்பும் முழுத் திருப்தி அடையாத காட்சியைத்தான் எல்லாத் தரப்பினரும் வந்து பார்க்க முடியும்.

உச்சுராக்காய் கிராமத்தின் கதை, ஒளிப்படத்தின் எல்லை எது என்று காட்டுகிறது. 1983 ஜனவரி 26 அன்று அங்கே செய்தி சேகரிக்கப் போன எட்டுப் பத்திரிகையாளர்களை, சென்டெரோ ஆட்கள் என்று எண்ணிக் கிராமத்தார் கொன்றுவிட்டார்கள். அந்நியர் வந்தால் அடித்துக் கொல்லுங்கள் என்று பாதுகாப்புப் படையினர் முன்பே தூண்டியிருந்தார்கள். எழுத்தாளர் மரியோ வர்கஸ் யோசா தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைத்தது. சில மாதங்கள் கழித்து, கொல்லப்பட்டவர்களில் ஒருவரான ஒளிப்படக்காரர் வில்லி ரெட்டோவின் கேமரா கண்டெடுக்கப்பட்டது. கடைசி நிமிடம்வரை அவர் படம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். நண்பர்கள் கைகளை உயர்த்தி, மண்டியிட்டு, பேசிப் பார்க்கும் படங்கள். நாடு உறைந்துபோனது.

அதன்பின் நடந்தது நாட்டுக்குத் தெரியாது. அடுத்தடுத்த மாதங்களில் சென்டெரோவாலும் ராணுவத்தாலும் அண்டை ஊர்க் காவல் குழுக்களாலும் உச்சுராக்காய் மக்கள் 135 பேர் கொல்லப்பட்டார்கள். ஊர் காலியானது, எஞ்சியவர்கள் 1993இல்தான் திரும்பி வந்தார்கள். அந்த 135 மரணங்களுக்கு அப்படியொரு படச்சுருள் இல்லை. எட்டுப் பேரின் மரணம் தேசிய நினைவானது. 135 பேரின் மரணத்தை இருபது ஆண்டுகள் கழித்து ஆணையம் எழுதியபோதுதான் பலரும் கேள்விப்பட்டார்கள். ஆவணக் காப்பகத்தில் இருப்பதை வைத்து மட்டும் வரலாறு எழுதுகிறவர்கள் கேமரா போன இடத்தின் வரலாற்றையே எழுதுகிறார்கள்.

கேமரா போகாத இடத்துக்குக் கைவினை போனது. ஆயாகுச்சோவின் ‘ரெத்தாப்லோ’ என்பது இரட்டைக் கதவு கொண்ட மரப்பெட்டி. உள்ளே சுண்ணமும் உருளைக்கிழங்கும் பிசைந்த மாவால் செய்த வண்ணப் பொம்மைகள். புனிதர்களையும் அறுவடைத் திருவிழாக்களையும் காட்டிவந்த அந்தப் பெட்டிகளில் எடில்பெர்தோ ஹிமேனெஸ் படுகொலைகளைச் செய்துவைத்தார். சுங்கி மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, மக்கள் வாயால் கேட்டதைக் கோட்டோவியமாக்கி 2005இல் நூலாகக் கொண்டுவந்தார். அவருடைய ஓவியங்கள் சாட்சியத்தைத் தழுவி வந்த கலை மட்டும் இல்லை. அந்த ஊர்களுக்கு அவையே சாட்சியம். ரித்தி பானும் 2013இல் இதே வழிக்கு வந்தார். தன் குடும்பம் அழிந்த ஆண்டுகளுக்குப் படமே இல்லாததால், களிமண் பொம்மைகளை வைத்து ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ எடுத்தார். கம்போடியாவும் பெருவும் ஒன்றையொன்று பார்த்துக் கற்கவில்லை. எடுக்கப்படாத படத்தை என்ன செய்வது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் மண்ணையும் மாவையும் பிசையவைத்தது.

ஆயாகுச்சோ நகரில் ஆஞ்செலிகா மெந்தோசா என்ற தாய், மகன் 1983இல் இழுத்துச் செல்லப்பட்டபின் மற்றத் தாய்மார்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கமே 2005இல் தன் சொந்த அருங்காட்சியகத்தைத் திறந்தது. உறவுகளின் உடைகளும் படங்களும் அங்கே இருக்கின்றன. எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று தீர்மானிப்பவர்கள் உறவினர்கள். லாஸ் கபித்தோஸ் படைமுகாமில் நடந்த குற்றங்களுக்காக இரண்டு முன்னாள் ராணுவ அதிகாரிகளுக்குத் தண்டனை கிடைத்தது 2017 ஆகஸ்டில். 34 ஆண்டுகள் காத்திருந்த அந்தத் தாய் அதே மாதம் கண்மூடினார். இப்படிப்பட்டவர்களிடம் நல்லிணக்கம் பேசப் போகிறவர்கள் அந்த 34 ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு வாய் திறக்க வேண்டும்.

காகிதத்தின் பலத்துக்குக் குவாத்தமாலாவைப் பார்க்க வேண்டும். 1996இல் முடிந்த 36 ஆண்டுப் போரில் 2,00,000 பேர் இறந்ததாகவோ காணாமல்போனதாகவோ உண்மை ஆணையம் மதிப்பிட்டது. ஆணையம் கேட்டபோது காவல்துறை தன்னிடம் ஆவணம் இல்லை என்றது. 2005 ஜூலையில், வெடிபொருள் சேமிப்பைச் சோதிக்கப் போன மனித உரிமை அலுவலர்கள் தலைநகரின் ஒரு பாழடைந்த காவல்துறைக் கட்டடத்தில், எலியும் ஈரமும் தின்றுகொண்டிருந்த காகித மலையைக் கண்டார்கள். ஏறக்குறைய 8 கோடிப் பக்கங்கள். இளைஞர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிந்து ஆண்டுக்கணக்கில் அவற்றைத் துடைத்து, பிரித்து, ஸ்கேன் செய்தார்கள். 1984இல் காணாமல்போன தொழிற்சங்கத் தலைவர் பெர்னாந்தோ கார்சியாவைப் பிடித்த நடவடிக்கைக்காகக் காவலர்களுக்கு விருது பரிந்துரைத்த தாள் அதில் கிடைத்தது. அந்த ஆதாரத்தின்மேல் 2010இல் இருவருக்குத் தலா 40 ஆண்டுச் சிறை. விருதுக்காக எழுதிய தாள் குற்றப்பத்திரிகைக்கு உதவியது.

2018இல் அந்தக் காப்பகத்தின் இயக்குநர் குஸ்தாவோ மெயோன்யோ நீக்கப்பட்டார். அதன் எதிர்காலமே கேள்விக்குள்ளானது. அதற்குள் எண்ணிமப் பிரதிகள் சுவிட்சர்லாந்துக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கும் போய்ச்சேர்ந்திருந்ததால், மூலக் காகிதங்களுக்கு எது நேர்ந்தாலும் ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுதியிருந்ததை இனி அழிக்க முடியாது.

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சியின்போது விக்தோர் பாஸ்தெர்ரா என்ற அச்சுத் தொழிலாளி கடற்படைப் பள்ளியின் ரகசியச் சிறையில் அடைக்கப்பட்டு, அதிகாரிகளுக்குப் போலி அடையாள அட்டை தயாரிக்கும் வேலையில் அமர்த்தப்பட்டார். அட்டைக்காக எடுத்த படங்களில் ஒரு பிரதியை ஒளித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கடத்தினார். 1985இல் ராணுவத் தளபதிகள் மீதான விசாரணையில் அந்தப் படங்கள் சிறைக் காவலர்களின் முகங்களை ஊருக்குக் காட்டின. போஸ்னியாவின் சியா காஃபிச், பெரும் புதைகுழிகளிலிருந்து எடுத்த கைக்கடிகாரம், சீப்பு, மூக்குக்கண்ணாடி போன்றவற்றைச் சீரான வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். கலைநயம் காட்டும் எண்ணமே அவற்றில் இல்லை. ஒரு மனைவி பார்த்து அடையாளம் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். நேபாளத்தில் குந்தா தீட்சித் பத்தாண்டுப் போரின் படங்களைத் தொகுத்து ‘எ பீப்பிள் வார்’ நூலாக்கினார். படங்கள் மாவட்டம் மாவட்டமாகப் பயணம் போயின. பிறகு அந்தப் படங்களில் இருந்தவர்களையே தேடிப் போய், போருக்குப் பின் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று இன்னொரு நூல் வந்தது. திரும்பிப் போய்ப் பார்ப்பது எவ்வளவு எளிய மரியாதை! ஆனாலும் அதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

உங்களில் பலர் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வேலை செய்கிறீர்கள், அல்லது செய்ய விரும்புகிறீர்கள். அங்கே ஆவணம் என்ற சொல்லே எரிந்த வாடையோடுதான் வரும். 1981 மே கடைசி இரவில் தீவைக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கச் செய்துவருகிறது. ஓரிடத்தில் தீவைத்தால் எல்லாம் போய்விடும் என்ற நிலை அங்கே இனி இல்லை.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தோம்பு நூலை உங்களில் யாராவது இன்னும் பார்க்கவில்லை என்றால் முதல் வேலையாகத் தேடிப் பாருங்கள். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீடிழந்தவர்களிடம் அவர் வீட்டுப் படம் கேட்கவில்லை. அநேகரிடம் படம் இல்லை. தங்கள் வீட்டை நினைவிலிருந்து தரைப்படமாக வரையச் சொன்னார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமி அறை எந்தப் பக்கம் என்று நடுங்கும் கோடுகளில் வந்தவற்றை, கட்டடக்கலை வரைபடமாகவும் தன் ஓவியமாகவும் சேர்த்து நூலாக்கினார். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வீடுகளுக்கும் அதில் இடம் உண்டு. நம் தரப்பு இழந்ததைச் சேகரிக்க ஆள் கிடைப்பார்கள். நம் தரப்பால் மற்றவர் இழந்ததையும் அதே அட்டைக்குள் வைப்பதற்குத் துணிவு வேண்டும். பெருவில் அந்தத் துணிவு ஓர் ஆணையத்துக்கு இருந்தது. இங்கே அது ஓர் ஓவியருக்கு இருந்தது.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் சாலையோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். அந்தத் தாய்மார்களின் கையில் இருந்த படங்களைக் கூர்ந்து பாருங்கள். அடையாள அட்டைப் படம், பள்ளிக்கூடப் படம், கல்யாண வீட்டுக் கூட்டத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். இடப்பெயர்வில் ஆல்பம் தொலைந்தவர்களுக்கு அந்த ஒரே பிரதிதான் மிச்சம். வெளியூரிலிருந்து போகும் கலைஞர்கள் பெரும்பாலும் படத்தைப் பிடித்திருக்கும் தாயைப் படம் எடுக்கிறார்கள். கையில் உள்ள படத்தை ஸ்கேன் செய்து, பெயரும் நாளும் எழுதி, நல்ல பிரதி ஒன்றை அவருக்கே திருப்பிக் கொடுப்பவர்கள் குறைவு. கண்காட்சிக்கு முந்தைய வேலை அது. உறவினர்கள் பல ஆண்டுகளாகக் கேட்பது, தங்கள் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்ற பதில். அந்தப் பதிலுக்குக் கொஞ்சமும் உதவாத ஒரு காட்சியில் கலந்துகொள்ள அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பை மதியுங்கள். நல்லிணக்கத்துக்குத் தடை என்று அதை எழுதிவிடாதீர்கள்.

இனி நடைமுறை. படம் வாங்கும்போதே ஒப்புதலைத் தமிழில், வாங்குபவருக்கும் கொடுப்பவருக்கும் ஒவ்வொரு பிரதியாக எழுதுங்கள். பின்னாளில் விலக்கிக்கொள்ளும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு என்பதும் அதில் இருக்கட்டும். பெயர் தெரியாத முகத்துக்கு ‘அடையாளம் தெரியவில்லை, அறிந்தவர் சொல்லலாம்’ என்று எழுதி, யாரிடம் சொல்வது என்பதையும் கீழே கொடுங்கள். பெயரை வெளியிட்டால் ஆபத்து என்று குடும்பம் சொன்னால் வெளியிடாதீர்கள். உள்பதிவில் மட்டும் வையுங்கள், யார் பார்க்கலாம் என்பதை அவர்களோடு சேர்ந்து தீர்மானியுங்கள். எதிர்த்தரப்பு எடுத்த படமானால் யார் எடுத்தது, எந்த நோக்கத்தில் எடுத்தது என்பதைப் படக்குறிப்பிலேயே சொல்லுங்கள். பிரதிகள் ஒரே ஊரில், ஒரே நாட்டில் இருக்கக் கூடாது. பெருவின் போரைப் பற்றிய காட்சி என்றால் லிமாவில் திறப்பதற்கு முன் ஆயாகுச்சோவில் திறக்க வேண்டும். உங்கள் காட்சிக்கும் அதே கணக்கு, கொழும்புக்கும் சென்னைக்கும் டொரொண்டோவுக்கும் முன்னால் அந்த ஊர்.

அவசரமும் இருக்கிறது. பழைய ஸ்டூடியோக்களில் நெகட்டிவ் பெட்டிகள் மிஞ்சியிருந்தால், அசிடேட் பிலிம் வெயிலிலும் ஈரத்திலும் சுருங்கி வினிகர் வாடை வீசத் தொடங்கியிருக்கும். அந்த வாடை வந்தபின் சில ஆண்டுகளே அவகாசம். பிலிமைக் காற்றுப்படும் காகித உறையில் மாற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்து, மோசமானவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோக்காரரின் ரசீதுப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். நெகட்டிவ் எண்ணும் வாடிக்கையாளர் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அதில்தான்.